பெரிய ஃபிஃப்த் வீல்ல இருந்து சின்னதுக்கு மாறப்போறீங்களா? தரம் குறையாம தேர்ந்தெடுக்க முழு வழிகாட்டி

அமெரிக்கா, கனடாவுல 36, 38, 40 அடி ஃபிஃப்த் வீல், அதாவது பிக்கப் ட்ரக் முதுகுல மாட்டி இழுக்கற வீடு மாதிரி டிரெய்லர், வெச்சு சில வருஷம் சுத்தினவங்க ஒரு கட்டத்துல "போதும், இனிமே சின்னதா ஒண்ணு இருந்தா போதும்"னு சொல்ல ஆரம்பிச்சிடுவாங்க. நேஷனல் பார்க்ல நல்ல இடமெல்லாம் சின்ன வண்டிக்குத்தான் கிடைக்குது, கேஸ் ஸ்டேஷன்ல நுழையறதுக்கு முன்னாடியே எப்படி வெளிய வர்றதுன்னு யோசிக்கணும், டீசல் செலவு, முட்டி வலி, ஒவ்வொருத்தருக்கும் ஒரு காரணம் இருக்கும். முடிவு நல்ல முடிவு தான். ஆனா டீலர்கிட்ட போய் நின்ன உடனே ஒரு விஷயம் புரியும், சின்ன சைஸ்ல நல்ல தரமான வண்டி கிடைக்கறது பெரிய சைஸை விட கஷ்டம்.

ஏன்னா பெரிய ஃபிஃப்த் வீல்ல கொஞ்சம் விலை கூடினதெல்லாம் வருஷம் முழுக்க அதுலயே குடியிருக்கறவங்களை நெனச்சு செய்றது, அதனால சுவர் தடிமனா இருக்கும், ஃபிரேம் கனமா இருக்கும், தண்ணி டேங்க் பெருசா இருக்கும். சின்னதை பெரும்பாலும் சனி ஞாயிறு மட்டும் குழந்தைகளோட போற குடும்பத்துக்காக, அதுவும் ஹாஃப் டன் பிக்கப்ல (பிக்கப்ல சின்ன ரகம், அதுக்கு மேல முக்கால் டன், ஒரு டன்னு இருக்கு) இழுக்கற மாதிரி செய்றாங்க. எடை குறையணும், விலையும் குறையணும்னா எங்க கை வைப்பாங்க? ஃபிரேம், ஆக்சில், டயர், இன்சுலேஷன், கேபினட், எல்லாத்துலயும் தான். நல்ல பெரிய வண்டியில இருந்து வர்றவங்க இதை கவனிக்காம நீளத்தை மட்டும் பாத்து வாங்கிட்டா கொஞ்ச நாள்லயே மனசு வெறுத்துடும். நீளத்தை குறைச்சுக்கலாம், கட்டுமானத்துல மட்டும் கீழ இறங்கிடாதீங்க. கீழ சொல்ற ஒவ்வொரு படியும் இந்த ஒரு விஷயத்தை காப்பாத்தத்தான்.

முதல் படி: இப்ப இருக்கற வண்டியில உங்களுக்கு உண்மையிலேயே எவ்ளோ இடம் தேவைப்படுதுன்னு பாருங்க

வாங்கறதுக்கு முன்னாடி ஒரு பயணம் இதுக்குன்னே ஒதுக்குங்க. கிளம்பும்போது ஒவ்வொரு அலமாரி, டிராயர், அடியில இருக்கற ஸ்டோரேஜ் கதவு மேலயும் ஒரு சின்ன துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டுங்க. எதை திறக்கறீங்களோ அந்த டேப்பை கிழிச்சிடுங்க. திரும்பி வந்தப்புறம் டேப் கிழியாம இருக்கற அலமாரிங்களை எண்ணிப் பாருங்க, அது அத்தனையும் நீங்க சும்மா இழுத்துட்டு திரிஞ்ச எடை. அதே மாதிரி ரெண்டாவது சோஃபாவுல யாராவது உக்காந்தாங்களா, ரெண்டாவது டிவி ஓடுச்சா, நாலு பேர் டைனிங்ல நாலு பேர் சாப்ட்டாங்களான்னும் பாத்துக்கோங்க.

இதோட ரெண்டு பேரும் தனித்தனியா ஒரு பேப்பர்ல "இது இல்லாம முடியாது"ன்னு அஞ்சு விஷயம் எழுதுங்க, ஒருத்தர் எழுதறதை மத்தவர் பாக்கக்கூடாது. ஒருத்தருக்கு சமையல் மேடையில கிரைண்டர் வைக்கற அளவு இடம் வேணும், இன்னொருத்தருக்கு கால் நீட்டி படுக்கற கட்டில் வேணும். கட்டில்ல ஒரு சூட்சுமம் இருக்கு, சின்ன வண்டிங்கள்ல "குயின்"னு எழுதியிருக்கறது பல நேரம் 60க்கு 74 அல்லது 75 இஞ்ச் ஷார்ட் குயின், வீட்ல இருக்கற குயின் 60க்கு 80. ஆறடி ஆளுக்கு அந்த அஞ்சு இஞ்ச் ராத்திரி பூரா தெரியும். இஞ்ச் டேப் எடுத்துட்டு போய் அளந்துடுங்க.

ரெண்டாவது படி: டிரெய்லரை மறந்துட்டு ட்ரக்கை பாருங்க

பலபேர் ட்ரக் விளம்பரத்துல போட்டிருக்கற டோயிங் கெபாசிட்டியை பாத்து "15,000 பவுண்ட் இழுக்கும், 9,000 பவுண்ட் டிரெய்லர் என்ன பெரிய விஷயம்"னு நினைக்கறாங்க. ஃபிஃப்த் வீலுக்கு முதல்ல இடிக்கறது டோயிங் கெபாசிட்டி இல்ல, பேலோட், அதாவது ட்ரக் தன் மேல சுமக்கக்கூடிய எடை தான். ஃபிஃப்த் வீல் பம்பர்ல மாட்டறது இல்ல, பிக்கப்போட பெட்ல, அதாவது பின்பக்க சாமான் தொட்டியில, பின் ஆக்சிலுக்கு மேல கிங் பின்ங்கற இரும்பு முளை வழியா உக்காருது, டிரெய்லர் எடையில சுமார் 20 சதவீதம் நேரா ட்ரக் முதுகுல ஏறும், வண்டிக்கு வண்டி 15ல இருந்து 25 வரைக்கும் மாறும்.

டிரைவர் கதவை திறந்தா தூண்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ஆளுங்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல போகக்கூடாதுன்னு. அது உங்க ட்ரக்குக்கே உரிய நம்பர், அதே மாடல் பக்கத்து வீட்டுக்காரர் ட்ரக்ல வேற நம்பர் இருக்கும். சன்ரூஃப், டீசல் இன்ஜின், லெதர் சீட் எல்லாம் ஏற ஏற அந்த நம்பர் இறங்கும்.

உதாரணத்துக்கு ஒரு முக்கால் டன் டீசல் ட்ரக், அதோட ஜிவிடபிள்யூஆர், அதாவது மொத்தமா நிறைஞ்சப்புறம் இருக்கலாம்னு கம்பெனி சொல்ற உச்ச எடை, 10,000 பவுண்ட், பேலோட் ஸ்டிக்கர் 2,350ன்னு வெச்சுக்கோங்க. ரெண்டு பேர் எடை 340. ஹிட்ச், அதாவது பெட்ல டிரெய்லரை மாட்டற அமைப்பு, 180. டூல் பாக்ஸ், கூலர், நாய்க்குட்டி, பின் சீட்ல கிடக்கற சாமான் எல்லாம் 150. மிச்சம் 1,680. இதுதான் உங்களுக்கு கிங் பின்ல கிடைக்கற இடம். கிங் பின் எடை 20 சதவீதம்னா டிரெய்லர் நிறைஞ்ச நிலைமையில 8,400 வரைக்கும் போகலாம், 22 சதவீதம்னா 7,600 சொச்சம் தான். இப்ப ஜிவிடபிள்யூஆர் 9,500 இருக்கற ஒரு டிரெய்லரை அந்த எடை வரைக்கும் நிறைச்சு 21 சதவீதம் போட்டுப் பாருங்க, 1,995 வருது. "சின்ன" ஃபிஃப்த் வீல், முக்கால் டன் டீசல், இருந்தும் பத்தல. அப்ப விளம்பரத்துல "ஹாஃப் டன் டோவபிள்"னு எழுதியிருக்கறதை எவ்ளோ தூரம் நம்பலாம்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. 1,500 பவுண்ட் பேலோட் இருக்கற ஹாஃப் டன்ல ரெண்டு பேர் ஏறி ஹிட்ச் மாட்டின உடனேயே மூணுல ஒரு பங்கு போயிடும்.

பழைய பெரிய டிரெய்லரை இழுத்த ஒரு டன் ட்ரக் இன்னும் கையில இருந்தா அதை விக்காதீங்க. டிரெய்லரையும் ட்ரக்கையும் ஒரே நேரத்துல சின்னதாக்கணும்னு ஆசை வரும், வரட்டும். முதல்ல டிரெய்லரை மாத்துங்க, ஒரு சீசன் ஓட்டுங்க, நிஜ எடை தெரிஞ்சப்புறம் ட்ரக்கை பத்தி யோசிக்கலாம். பெரிய ட்ரக்ல சின்ன டிரெய்லர் இழுக்கறதால எந்த நஷ்டமும் இல்ல, பிரேக் மலை இறக்கத்துல நல்லா பிடிக்கும், மனசுக்கும் நிம்மதி.

பெட் நீளத்தையும் இங்கயே பாத்துடுங்க. 8 அடி பெட்னா பிரச்சனை இல்ல. 6.5 அடியில பெரும்பாலும் சமாளிக்கலாம், முன் மூக்கு குறுகலா செஞ்ச டிரெய்லரா இருந்தா இன்னும் நல்லது. 5.5 அடி பெட்னா கூர்மையா திரும்பும்போது டிரெய்லர் மூக்கு கேபின் கண்ணாடியில இடிக்கற அபாயம் இருக்கு, அதுக்கு புல்ரைட் சூப்பர்கிளைட் மாதிரி தானா பின்னால நகர்ற ஹிட்ச் தேவைப்படும், அது கனமும் அதிகம், விலையும் அதிகம். எடை குறைக்கணும்னா ஆண்டர்சன் அல்டிமேட் மாதிரி அலுமினிய ஹிட்ச் இருக்கு, ஒரு ஆளே தூக்கி இறக்கலாம், ஆனா உங்க டிரெய்லர் கம்பெனி அதை அனுமதிக்குதான்னு வாரண்டியில பாத்துட்டு வாங்குங்க. புது ட்ரக்குங்களோட பெட் சுவர் உயரமா வந்துடுச்சு, அதனால பெட் சுவருக்கும் டிரெய்லர் அடிப்பக்கத்துக்கும் நடுவுல 6 இஞ்சாவது இடைவெளி இருக்கணும், அந்த இடைவெளி வெச்சும் டிரெய்லர் மட்டமா நிக்கணும். மூக்கு மேல தூக்கி நின்னா எடை எல்லாம் டிரெய்லரோட பின் ஆக்சிலுக்கு போய் அந்த டயருங்க சீக்கிரம் போயிடும்.

லைசென்ஸ் விஷயமும் இருக்கு. கலிஃபோர்னியாவுல 10,000 பவுண்ட் ஜிவிடபிள்யூஆர் தாண்டின ஃபிஃப்த் வீலுக்கு சாதாரண கிளாஸ் சி மட்டும் பத்தாது, 15,000 வரைக்கும் தனியா ஒரு எண்டார்ஸ்மெண்ட் எடுக்கணும். பிரிட்டிஷ் கொலம்பியாவுல 4,600 கிலோ தாண்டினா ஹவுஸ் டிரெய்லர் எண்டார்ஸ்மெண்ட். சின்னதுக்கு வர்றவங்களுக்கு இது ஒரு நல்ல சேதி, இந்த கோட்டுக்கு கீழ இருக்கற வண்டியா பாத்து எடுத்தா அந்த தொல்லையே இல்ல.

மூணாவது படி: எவ்ளோ நீளம்?

நீங்க போக நினைக்கற இடங்கள்ல இருந்து ஆரம்பிங்க. யோசெமிட்டி பள்ளத்தாக்குல அப்பர் பைன்ஸ் கேம்ப்கிரவுண்ட்ல டிரெய்லருக்கு 24 அடி தான் அனுமதி. பழைய ஸ்டேட் பார்க், ஃபாரஸ்ட் சர்வீஸ் கேம்ப்கிரவுண்ட் நிறைய டிரெய்லர் எல்லாம் சின்னதா இருந்த காலத்துல கட்டினது. ரெக்ரியேஷன் டாட் கவ்ல ஒவ்வொரு சைட்டுக்கும் டிரைவ்வே நீளம் போட்டிருக்கும், நீங்க அடிக்கடி போற அஞ்சாறு இடத்தை எடுத்து 24, 28, 32 அடின்னு மாத்தி மாத்தி தேடிப்பாருங்க, எந்த இடத்துல கதவு மூடுதுன்னு தெரிஞ்சிடும். பொதுவா 30க்கு கீழ வந்தாலே நிறைய இடம் திறக்குது, 25க்கு கீழ வந்தா கிட்டத்தட்ட எல்லாமே.

மாடல் பேர்ல இருக்கற நம்பரை நீளம்னு நம்பிடாதீங்க. 24ன்னு ஆரம்பிக்கற மாடல் முன்னாடி கிங் பின்ல இருந்து பின்பக்க பம்பர் வரைக்கும் அளந்தா 27, 28 அடி வரலாம். ஸ்பெக் ஷீட்ல மொத்த நீளம்னு இருக்கறது தான் கணக்கு. உயரமும் பாருங்க, பெரிய ஃபிஃப்த் வீல் 13 அடிக்கு மேல நிக்கும், சின்னதுல 12 அடி சுத்தி நிறைய கிடைக்கும், மரக்கிளை தாழ்வா இருக்கற காட்டுப் பாதையிலயும் கிழக்கு மாகாணங்கள்ல பழைய பாலத்துக்கு அடியிலயும் அந்த ஒரு அடி பெரிய விஷயம்.

சிலர் "சின்னதுன்னா டிராவல் டிரெய்லர் எடுத்துக்கலாமே, எதுக்கு ஃபிஃப்த் வீல்"னு கேப்பாங்க (டிராவல் டிரெய்லர்னா ட்ரக் பின்னாடி பம்பர் பக்கம் மாட்டறது). நியாயமான கேள்வி. ஆனா ஃபிஃப்த் வீலோட மூக்கு ட்ரக் பெட் மேல வர்றதால ஒரே நீள டிரெய்லருக்கு மொத்த நீளம் குறையும், லாரி பக்கத்துல போகும்போது ஆட்டம் கம்மி, ரிவர்ஸ் எடுக்கறதும் பழகின கை. பெட்ல சைக்கிள், ஜெனரேட்டர் வைக்கணும்னா மட்டும் டிராவல் டிரெய்லர் சவுகரியம்.

நாலாவது படி: எந்த வகை?

இங்க மூணு பாதை இருக்கு, மூணுமே வேற வேற ஆளுக்கு.

ரொம்ப சின்னது வேணும்னா மோல்டு பண்ணின ஃபைபர்கிளாஸ் வண்டிங்க. மினசோட்டாவுல பேக்கஸ்ங்கற ஊர்ல செய்ற ஸ்கேம்ப் 19 அடி, பிரிட்டிஷ் கொலம்பியாவுல சில்லிவாக்ல இருக்கற எஸ்கேப் கம்பெனியோட 5.0, இது ரெண்டும் பேர் எடுத்தது. மேல ஒரு ஓடு கீழ ஒரு ஓடு, ரெண்டையும் சேத்து ஒட்டினது, கூரைக்கும் சுவருக்கும் நடுவுல சந்தே கிடையாது, டிரெய்லரை கொல்ற முதல் எதிரி தண்ணி தான்ங்கறதால இந்த ஒரு காரணத்துக்கே முப்பது வருஷ பழைய வண்டி கூட ஓடிட்டு இருக்கு, பழசா வித்தாலும் நல்ல விலை போகும். ஆனா ஸ்லைடு, அதாவது நிறுத்தினப்புறம் வெளிய தள்ளி உள்ள இடத்தை கூட்டற சுவர்ப் பகுதி, கிடையாது, மேல படுக்கையில நிமிந்து நிக்க முடியாது, ஊந்து போய் படுக்கணும். 38 அடியில இருந்து நேரா இதுக்கு குதிக்கறவங்க ஒரு ராத்திரியாவது யார்கிட்டயாவது வாங்கி படுத்துப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

அடுத்தது 25ல இருந்து 30 அடி வரைக்கும் இருக்கற நடுத்தரம், ஸ்லைடோட. வட அமெரிக்க ஆர்வியில, அதாவது இந்த மாதிரி வீட்டு வண்டிங்கள்ல, பெரும் பகுதி இந்தியானாவுல எல்கார்ட் சுத்துவட்டாரத்துல தான் தயாராகுது, கிராண்ட் டிசைன் ரிஃப்ளெக்ஷன் 150 சீரீஸ், ஜேகோ ஈகிள் ஹெச்டி, கீஸ்டோன் கூகர் எல்லாம் அங்க இருந்து வர்றது. வசதியும் அழகும் நல்லா இருக்கும், ஆனா ஒரே மாடல்லயே ஒரு வண்டி அருமையா இருக்கும் அடுத்தது சுமாரா இருக்கும், அதனால பிராண்ட் பேரை வெச்சு முடிவு பண்ணாம உங்க முன்னாடி நிக்கற வண்டியை வெச்சு முடிவு பண்ணுங்க. எல்கார்ட் கூட்டத்துல இருந்து தள்ளி நிக்கறது ஆரகன் மாநிலம் லா கிராண்ட்ல இருக்கற நார்த்வுட், அவங்களோட ஆர்க்டிக் ஃபாக்ஸ், கொஞ்சம் லேசான ஃபாக்ஸ் மவுண்டன். சேசிஸை, அதாவது அடி ஃபிரேமை, வெளிய வாங்காம அவங்களே செய்றாங்க, குளிருக்கும் கரடுமுரடு ரோட்டுக்கும் ஏத்த மாதிரி இருக்கும். எடை கூட தான், அந்த எடை எங்க போச்சுன்னு அடியில குனிஞ்சு பாத்தா தெரியும். மேற்குப் பக்கம் இருக்கறவங்க, ஒரு டன் ட்ரக் வெச்சிருக்கறவங்க முதல்ல இதை போய் பாருங்கன்னு தான் நான் சொல்வேன்.

மூணாவது பாதை, இப்ப மூடிப்போன நல்ல கம்பெனிங்களோட பழைய வண்டி. கன்சாஸ்ல நூவா செஞ்ச ஹிட்ச்ஹைக்கர், அதே மாநிலத்துல பீட்டர்சன் செஞ்ச எக்செல், இந்தியானாவுல கேரேஜ் கம்பெனியோட கேமியோ. 2008 மந்தத்துக்கு அப்புறம் சில வருஷத்துல இதெல்லாம் ஒண்ணொண்ணா நின்னு போச்சு. 27லேருந்து 30 அடி வரைக்கும் இவங்க செஞ்சது அபூர்வமா விலைக்கு வரும், மழை படாம ஷெட்ல நின்ன வண்டி கிடைச்சா விடாதீங்க, அந்த கேபினட் மரவேலை இப்ப நடுத்தர விலையில பாக்கவே முடியாது. "கம்பெனியே இல்லையே, பார்ட்ஸ் கிடைக்குமா"ன்னு பயப்படுவாங்க, ஃபிரிட்ஜ், ஃபர்னஸ், ஏசி, ஆக்சில் எல்லாம் எந்த ஆர்வி கம்பெனியும் சொந்தமா செய்றதில்ல, டொமெட்டிக், சபர்பன், டெக்ஸ்டர்னு வெளிய வாங்கி மாட்டறது தான், அது இன்னிக்கும் கிடைக்கும். முன் கேப், ஜன்னல் ஃபிரேம், வெளிப்பக்க டிரிம் உடைஞ்சா மட்டும் தான் தேடி அலையணும்.

அஞ்சாவது படி: ஸ்டிக்கரை படிங்க, பிரோஷரை இல்ல

டிரெய்லர் வாசல் கதவு பக்கத்துல ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும், சாமான் இத்தனை பவுண்டுக்கு மேல ஏத்தாதீங்கன்னு, அதுக்கு கீழயே டேங்க் நிறைய தண்ணி ரொப்பினா இத்தனை பவுண்ட் அதுல போயிடும்னும் போட்டிருக்கும். தண்ணி ஒரு கேலன் 8.3 பவுண்ட் சொச்சம். 50 கேலன் டேங்க்னா 415 பவுண்ட் போச்சு. வண்டி ஃபேக்டரியை விட்டு வந்தப்புறம் டீலர் மாட்டின பேட்டரி, சோலார், ரெண்டாவது ஏசி எல்லாம் அதுல இருந்து தான் கழியும். மொத்தம் 1,100 பவுண்ட் தான் கெபாசிட்டின்னா தட்டு முட்டு சாமான், துணி, அரிசி பருப்பு வெக்கறதுக்கு முன்னாடியே பாதி காலி. ரெண்டு பேர் மாசக்கணக்குல இருக்கப்போறீங்கன்னா 1,500க்கு கீழ இருக்கறதை தொடாதீங்க, 2,000 இருந்தா நிம்மதி. சின்ன வண்டியில தரத்தை ஒரே நம்பர்ல சொல்லுன்னு கேட்டா இந்த நம்பரைத்தான் நான் காட்டுவேன், ஏன்னா ஃபிரேம், ஆக்சில், டயர் மூணும் ஒழுங்கா இருந்தா தான் அது பெருசா வரும்.

பிரோஷர்ல போட்டிருக்கற ஹிட்ச் எடை காலி வண்டிக்கு. பேட்டரி, சிலிண்டர், முன்னாடி இருக்கற பெரிய ஸ்டோரேஜ் எல்லாம் கிங் பின்னுக்கு பக்கத்துல இருக்கறதால நீங்க வெக்கற சாமான்ல பெரும் பகுதி அங்க தான் ஏறும். பின்னாடி கிச்சன் இருக்கற ஃபுளோர் பிளான்ல கனம் கொஞ்சம் பின்பக்கம் போறதால கிங் பின் எடை குறையும், ட்ரக் பேலோட் இழுபறியா இருந்தா இது உதவும்.

ஆக்சில் ரெண்டு, ஒவ்வொண்ணும் 4,400ன்னு போட்டிருந்தா மொத்தம் 8,800. கணக்குல பாஸ் ஆகும், ஆனா மிச்சம் வெக்காத கணக்கு. 5,200 அல்லது 6,000 ஆக்சில் இருக்கற வண்டியில பிரேக்கும் பெருசா வரும். டயர் 15 இஞ்ச், லோட் ரேஞ்ச் (டயர் எடை தாங்கற தரம்) ஈ ஆவது இருக்கணும்.

ஆறாவது படி: உள்ள வாழ்ந்து பாருங்க

டீலர் லாட்ல ஸ்லைடு எல்லாம் வெளிய தள்ளி, லைட் எல்லாம் போட்டு வெச்சிருப்பாங்க. முதல்ல அதை உள்ள இழுக்கச் சொல்லுங்க. அந்த நிலைமையில டாய்லெட்டுக்கு போக முடியுதா, ஃபிரிட்ஜ் கதவு திறக்குதா, கட்டில்ல படுக்க முடியுதா? ரோட்டோரமா மதிய சாப்பாட்டுக்கு நிக்கும்போது, வழியில வால்மார்ட் பார்க்கிங்ல ஒரு ராத்திரி தங்கும்போது ஸ்லைடு திறக்க முடியாது, அப்ப இதெல்லாம் தெரியும். ஒரே ஒரு ஸ்லைடு இருக்கறது போதும்னா அதையே எடுங்க, ஒவ்வொரு ஸ்லைடும் எடை, மோட்டார், ரப்பர் சீல், தண்ணி இறங்க இன்னொரு வழி.

ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சமைக்கற மாதிரி, பாத்திரம் கழுவற மாதிரி, ஒருத்தர் குளிச்சுட்டு வரும்போது இன்னொருத்தர் கடந்து போற மாதிரி நடிச்சுப் பாருங்க, சேல்ஸ்மேன் பாத்தா பாக்கட்டும். ஷவர்ல ஏறி தலை இடிக்குதா பாருங்க. குக்கர் வெச்சு விசில் வந்தா ஆவி போறதுக்கு மேல வென்ட் நிஜமா வெளிய திறக்குதா, இல்ல உள்ளயே சுத்துதான்னு கேளுங்க, நம்ம சமையலுக்கு இது ரொம்ப முக்கியம், தாளிக்கற வாசனை சின்ன இடத்துல மூணு நாள் நிக்கும். மூக்குப் பக்கம் பெட்ரூமுக்கு ரெண்டு மூணு படி ஏறணும், வெளிய இருந்து வாசலுக்கு மூணு நாலு படி, ராத்திரி தூக்கக் கலக்கத்துல இறங்கறதை நெனச்சு கைப்பிடி எங்க இருக்குன்னு பாருங்க.

"ஃபோர் சீசன்"னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கறதுக்கு எல்லா கம்பெனிக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. டேங்க் இருக்கற அடிப்பக்கம் மூடியிருக்கா, ஃபர்னஸ் சூடு அங்க போக பைப் இருக்கா, கழிவுத் தண்ணி வெளியேத்தற டம்ப் வால்வு உள்ள இருக்கா வெளிய தொங்குதா, ஜன்னல் ரெட்டைக் கண்ணாடியா, இதை வெச்சு நீங்களே முடிவு பண்ணுங்க.

ஏழாவது படி: தண்ணியை தேடுங்க, அப்புறம் இரும்பை தேடுங்க

இதுக்கு அரை நாள் ஒதுக்குங்க. டார்ச், ஈரம் அளக்கற மாய்ஸ்சர் மீட்டர், பழைய சட்டை எடுத்துக்கோங்க. மழை பெஞ்ச மறுநாள் போனா இன்னும் நல்லது.

சூரியன் சாய்வா இருக்கும்போது டிரெய்லர் மூலையில நின்னு கன்னத்தை சுவர்ல ஒட்டற மாதிரி வெச்சு நீளவாக்குல பாருங்க. ஃபைபர்கிளாஸ் தோல் ஒட்டினது விட்டுப் போயிருந்தா அங்க அலை மாதிரி ஒரு உப்பல் தெரியும், நேரா நின்னு பாத்தா தெரியாது. அந்த உப்பல் இருந்தா பேரமே பேசாம கிளம்பிடுங்க, உள்ள இருக்கற மெல்லிய பிளைவுட் நனைஞ்சிருக்கு, சரி பண்ற செலவு வண்டி விலையை தொடும். பிளைவுட்டுக்கு பதிலா அஸ்டெல்னு ஒரு கூட்டுப் பொருள் போட்ட சுவர்னா அழுகாது, வாங்கும்போது கேளுங்க.

கூரை மேல ஏறி, இல்ல ஏணியில நின்னாவது, வென்ட், ஸ்கைலைட், ஆன்டெனா சுத்தி இருக்கற சீலண்டை பாருங்க, வெடிச்சு இருக்கா, மேல மேல பூசியிருக்கா. உள்ள வந்து ஸ்லைடு மூலைகள்ல, ஷவர் வாசல்ல, கட்டிலுக்கு அடியில, முன் மூலை அலமாரிக்குள்ள குதிகாலாலயும் விரலாலயும் அழுத்துங்க, மெத்துன்னு இருந்தா அழுகல். ஃப்ரெஷ் டேங்க்ல தண்ணி ரொப்பி பம்ப்பை போட்டு எல்லா குழாயையும் மூடிட்டு பேசாம பத்து நிமிஷம் உக்காருங்க. பம்ப் தானா "டர்ர்"னு ஒரு தடவை ஓடினா எங்கயோ ஒழுகுது. உள்ள நுழையும்போது ஏர் ஃபிரெஷ்னர் வாசனை தூக்கலா அடிச்சா எதையோ மறைக்கறாங்கன்னு நெனச்சுக்கோங்க.

அப்புறம் இரும்பு. ஃபிஃப்த் வீல்ல உயிர்நாடி முன்னாடி கிங் பின் பாக்ஸ் மாட்டின மேல் ஃபிரேம். மூக்கு கீழ் உடம்போட சேர்ற மூலையில தோல் சுருங்கியிருக்கா, ஸ்டோரேஜ் கதவு மூலையில முடி அளவு விரிசல் இருக்கான்னு பாருங்க. ட்ரக்ல மாட்டச் சொல்லி லேண்டிங் கியரை, அதாவது டிரெய்லரோட முன் காலை, தூக்கும்போது ஒரு ஆள் அந்த மூலையிலயே கண்ணு வெச்சு நிக்கட்டும், முன் கேப்புக்கும் சுவருக்கும் நடுவுல இருக்கற சந்து திறந்து மூடினா ஃபிரேம் வளையுது, வேண்டாம். அடியில போய் ஸ்பிரிங் மாட்டின ஷேக்கிள் ஓட்டை முட்டை வடிவத்துல தேஞ்சிருக்கா பாருங்க, அது மட்டும்னா பயப்பட வேண்டாம், கிரீஸ் அடிக்கற போல்ட் கிட் போட்டு சரி பண்ணிடலாம், ஆனா விலையில குறைக்கச் சொல்லுங்க. அடிப்பக்க பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி டேப் போட்டு ஒட்டியிருந்தா ஏன் வெட்டினீங்கன்னு கேளுங்க.

டயர் பக்கவாட்டுல DOTன்னு ஆரம்பிக்கற வரிசையோட கடைசி நாலு நம்பர், 2319ன்னா 2019ல 23வது வாரம். அஞ்சாறு வருஷம் தாண்டினா டயர் தேயாம இருந்தாலும் மாத்தணும், அந்த செலவை பேரத்துல சேத்துடுங்க.

ஃபிரிட்ஜ் கேஸ்ல ஓடற பழைய வகைன்னா குளிர ராத்திரி பூரா ஆகும், முந்தின நாளே போட்டு வெக்கச் சொல்லுங்க. ஸ்லைடை ரெண்டு மூணு தடவை உள்ள வெளிய ஓட்டி மேல் பக்கமும் கீழ் பக்கமும் ஒரே நேரத்துல வந்து சேருதான்னு பாருங்க. இதெல்லாம் நம்மால முடியாதுன்னு தோணினா என்ஆர்விஐஏ (ஆர்வி இன்ஸ்பெக்டர்கள் சங்கம்) சான்றிதழ் இருக்கற இன்ஸ்பெக்டரை வெச்சுக்கோங்க, புது வண்டிக்கும் வெச்சுக்கோங்க, டீலர் அவரை உள்ள விட மாட்டேன்னு சொன்னா அந்த டீலரே வேண்டாம்.

வாரண்டி பேப்பர்ல முழுநேரமா குடியிருந்தா செல்லாதுன்னு பல கம்பெனி போட்டிருப்பாங்க, கையெழுத்துக்கு முன்னாடி தேடிப் படிங்க.

எட்டாவது படி: எடை போடுங்க

வாங்கினப்புறம் தண்ணி, சாமான் எல்லாம் ஏத்தி நிஜமா கிளம்பற மாதிரி ரெடி பண்ணி டிரக் ஸ்டாப்ல இருக்கற கேட் ஸ்கேலுக்கு (CAT, லாரி எடை போடற மேடை) போங்க. முதல் தடவை டிரெய்லரோட, ரெண்டாவது டிரெய்லரை கழட்டி நிறுத்திட்டு ட்ரக் மட்டும், ஆளும் சாமானும் அதே அளவு. முன்னாடி சொன்ன உதாரணத்தையே எடுத்துக்கோங்க. டிரெய்லரோட ட்ரக் முன் ஆக்சில் 4,660, பின் ஆக்சில் 5,320, டிரெய்லர் ஆக்சில் 6,300. ட்ரக் மட்டும் 4,720, 3,600. ட்ரக் மொத்தம் முதல்ல 9,980, அப்புறம் 8,320, வித்தியாசம் 1,660, அதுதான் கிங் பின் எடை. டிரெய்லர் மொத்தம் 7,960, அதுல கிட்டத்தட்ட 21 சதவீதம். ட்ரக்கோட 10,000 எல்லைக்கு 20 பவுண்ட் தான் பாக்கி, ஒரு ஆளு கூட வந்தா தாண்டிடும். இந்த சீட்டு கையில வந்தா முன் ஸ்டோரேஜ்ல இருந்து எதை பின்னால மாத்தணும், எதை வீட்லயே விடணும்னு தெளிவாயிடும்.

முதல் பயணம் வீட்ல இருந்து பக்கத்துலயே ரெண்டு ராத்திரி போதும், ஏதாவது பிரச்சனைன்னா டீலர்கிட்ட உடனே திரும்பிடலாம். வீல் நட்டை, இறுக்கத்தை அளந்து காட்டற டார்க் ரெஞ்ச் வெச்சு 10, 25, 50 மைல்ல நிறுத்தி நிறுத்தி மறுபடி இறுக்குங்க, புது வண்டியா இருந்தாலும் சரி, டயர் மாத்தின பழசா இருந்தாலும் சரி.